கரகம்பாடியும் சார்ஜரும்: எங்கள் மாவட்டத்து பவர் எலக்ட்ரானிக்ஸ் கதை

சித்தூர்க்காரன் என்று சொன்னதும் இங்கே சுவீடனில் இருக்கும் நம்மூர் ஆட்கள் இரண்டு கேள்வி கேட்பார்கள். முதலாவது, "திருப்பதி பக்கமா?" இரண்டாவது, "அப்போ நீங்க தெலுங்கா, தமிழா?" இரண்டாவதுக்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் 1911-ல் வடஆற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் துண்டுகளை எடுத்து இந்த மாவட்டத்தை ஒட்டவைத்த கதையில் ஆரம்பித்து, 1960-ல் திருத்தணி அந்தப் பக்கம், சத்தியவேடு இந்தப் பக்கம் என்று மாற்றிக்கொண்டது வரை போக வேண்டும். 2022 ஏப்ரலில் திருப்பதியே தனி மாவட்டமாகப் பிரிந்துவிட்டது. அதெல்லாம் தனிப் பதிவு போட வேண்டிய சமாச்சாரம். இன்றைக்கு வேறு விஷயம்.

நண்பர் ஒருவரின் மகள் மின்னியல் படிக்கிறாள். "அங்கிள், பவர் எலக்ட்ரானிக்ஸ் எங்கிருந்து ஆரம்பிப்பது? புத்தகத்தைத் திறந்தாலே அலைவடிவமாக வருகிறது, எதற்கென்றே புரியவில்லை" என்று மடல் போட்டிருந்தாள். நியாயமான கேள்வி. நம் கல்லூரிகளில் முதல் நாளே தைரிஸ்டரைப் போட்டு, ஃபயரிங் ஆங்கிள் முப்பது டிகிரி, அறுபது டிகிரி என்று படம் வரையச் சொல்லிவிடுவார்கள். இதெல்லாம் யாருக்கு, எதற்குத் தேவைப்பட்டது என்று ஒருவரும் சொல்வதில்லை. அவளுக்கு எழுதிய பதிலைக் கொஞ்சம் நீட்டித்தான் இதை எழுதுகிறேன். என் பதில் ஒரே வரி: பேட்டரி சார்ஜரில் ஆரம்பி. ஏன் சார்ஜர் என்பதற்கு எங்கள் ஊர்க் கதை ஒன்று இருக்கிறது.

அந்தக் கதையை எல்லோரும் பேட்டரிக் கதையாகத்தான் சொல்வார்கள். ரேணிகுண்டாவிலிருந்து திருப்பதி போகிற வழியில் கரகம்பாடி, அங்கே அமர ராஜா பேட்டரி ஃபேக்டரி, அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்த ஒருவர் சொந்த மாவட்டத்தில் தொடங்கினார், ஆயிரக்கணக்கானோருக்கு வேலை. இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் பேட்டரி பாதிக் கதைதான். மீதிப் பாதி, அந்த பேட்டரியைச் சாகவிடாமல் பார்த்துக்கொள்ளும் பெட்டி. பெட்டிக்குள் இருப்பதைத்தான் கன்வர்ட்டர் என்கிறோம். அதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. விளம்பரத்தில் வராத சாமான்.

கொஞ்சம் பின்னால் போகிறேன். கரென்ட்டைத் தூரத்துக்குக் கொண்டுபோக ஏ.சி. வசதி, டிரான்ஸ்ஃபார்மர் போட்டு ஏற்றலாம் இறக்கலாம். ஆனால் பேட்டரிக்கு வேண்டியது டி.சி. டெலிபோனுக்கும் டி.சி. அந்தக் காலத்து ரயில் மோட்டாருக்கும் டி.சி. ஆக, நடுவில் ஒருவர் மாற்றிக் கொடுக்க வேண்டும். முதலில் இதை மோட்டாரும் ஜெனரேட்டரும் ஒரே அச்சில் கோத்துச் செய்தார்கள். பிறகு 1902-ல் பீட்டர் கூப்பர் ஹெவிட் என்ற அமெரிக்கர் பாதரச ஆவியை வைத்து ஒரு ரெக்டிஃபையர் செய்தார். கண்ணாடிக் குடுவைக்குள் நீலமும் ஊதாவுமாக ஒளிர்ந்துகொண்டே ஏ.சி.யை டி.சி.யாக்கும். சுவீடனில் ஊனோ லாம் என்பவர் லூட்விகாவில் உட்கார்ந்து இருபது வருடத்துக்கு மேல் இதோடு மல்லுக்கட்டி, பல்லாயிரம் வோல்ட் தாங்குகிற மாதிரி செய்து முடித்தார். 1954-ல் அதை வைத்துத்தான் காட்லாந்து தீவுக்குக் கடலுக்கடியில் 100 கிலோவோல்ட், 20 மெகாவாட் டி.சி. இணைப்பு கொடுத்தார்கள்.

நம் ஊரில் அதே பாதரசம் ரயில் எஞ்சினில் ஏறியது. 1957-ல் இந்திய ரயில்வே 25 கிலோவோல்ட் ஏ.சி. என்று தீர்மானித்தது. கம்பியில் ஏ.சி., மோட்டாரில் டி.சி.; எனவே மாற்றும் வேலையை எஞ்சினுக்குள்ளேயே செய்தாக வேண்டும். 1959-ல் வந்த டபிள்யூ.ஏ.எம்.-1 எஞ்சின்களில் இருந்தது இக்னிட்ரான் என்ற பாதரச ரெக்டிஃபையர். ஓடுகிற, குலுங்குகிற வண்டிக்குள் பாதரசக் குட்டை! பராமரித்தவர்கள் பட்ட பாட்டை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். பிறகு சிலிக்கன் டயோடு வந்தது, பாதரசம் போனது. எண்பது, தொண்ணூறுகளில் சென்னையிலிருந்து திருப்பதி வந்தவர்களுக்கு சிலிக்கன் எஞ்சின் புறப்படும்போது வண்டி படிப்படியாக ஒரு உதறு உதறி வேகமெடுக்கும் உணர்வு நினைவிருக்கலாம். டிரைவர் டிரான்ஸ்ஃபார்மரின் டேப்பை ஒவ்வொன்றாக மாற்றுகிறார் என்று அர்த்தம். டயோடுக்கு மாற்றத் தெரியும், கூட்டிக் குறைக்கத் தெரியாது. அதனால்தான் அந்த உதறல்.

கூட்டிக் குறைக்கத் தெரிந்த முதல் சிலிக்கன் சாமான் தைரிஸ்டர். ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி 1957-ல் செய்தது. கேட்டில் ஒரு சின்ன துடிப்பு கொடுத்தால் கடத்த ஆரம்பிக்கும். எப்போது துடிப்பு கொடுக்கிறோமோ அதைப் பொறுத்து வெளியே வரும் சராசரி வோல்டேஜ் மாறும். (ஃபயரிங் ஆங்கிள், ஃபயரிங் ஆங்கிள் என்று வகுப்பில் உயிரை வாங்குவது இதைத்தான்.) ஒரு குறை உண்டு: திறந்துவிட்டால் நாமாக மூட முடியாது. கரென்ட் தானாகப் பூஜ்யத்துக்கு வந்தால்தான் மூடும். ஏ.சி.யில் கரென்ட் நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொடுவதால் சமாளித்துக்கொண்டார்கள். 1973-ல் வில்லியம் நியூவெல் என்பவர் ஒரு மாநாட்டில் முக்கோணம் ஒன்றைப் போட்டு, பவர், எலக்ட்ரானிக்ஸ், கன்ட்ரோல் மூன்றும் சேரும் இடம்தான் இந்தத் துறை என்று விளக்கினார். இன்றைக்கும் முதல் வகுப்பில் அந்த முக்கோணம்தான். சரி, சித்தூருக்கு வருவோம்.

என் பெரியப்பா சித்தூரில் தொலைபேசித் துறையில் டெக்னீஷியனாக இருந்தவர். எக்ஸ்சேஞ்சில் பேட்டரி ரூம் என்று தனியாக ஒன்று இருக்கும். ஜன்னலைத் திறந்துதான் வைத்திருப்பார்கள், ஹைட்ரஜன் சேரக்கூடாது என்று. உள்ளே போனால் ஆசிட் நெடி தொண்டையில் பிடிக்கும். மர ஸ்டாண்டில் வரிசையாக 24 செல், ஒவ்வொன்றும் 2 வோல்ட், ஆக மொத்தம் 48 வோல்ட். (டெலிபோனில் பாஸிட்டிவ் முனையைத்தான் பூமியில் கட்டுவார்கள், ஆகவே அது மைனஸ் 48. ஈர மண்ணில் கேபிள் அரிக்காமல் இருக்கச் செய்த பழைய ஏற்பாடு.) பெரியப்பாவின் வேலை ஹைட்ரோமீட்டரை ஒவ்வொரு செல்லிலும் விட்டு ஆசிட்டின் அடர்த்தியைப் பார்ப்பது, ஆசிட் மட்டம் இறங்கியிருந்தால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது, டெர்மினலில் பூத்த உப்பைத் துடைத்து கிரீஸ் தடவுவது, எல்லாவற்றையும் ரிஜிஸ்டரில் எழுதுவது. ஒரு செல் மட்டும் 1.200-லிருந்து இறங்கிக்கொண்டே போனால் அவருக்கு அன்றே தெரிந்துவிடும். "பதினேழாம் நம்பர் சோம்பேறி" என்பார். சட்டையில் எப்போதும் பொடிப்பொடியாக ஓட்டை இருக்கும். பெரியம்மா திட்டுவார்.

சார்ஜர் பக்கத்து அறையில். ஆள் உயரப் பீரோ மாதிரி, உள்ளே 50 ஹெர்ட்ஸ் டிரான்ஸ்ஃபார்மர், தைரிஸ்டர், ஒரு பெரிய சோக். 'ம்ம்ம்' என்று எந்நேரமும் முனகும். டி.சி. என்று பேர்தானே தவிர அதில் நூறு ஹெர்ட்ஸ், முந்நூறு ஹெர்ட்ஸ் அலை கொஞ்சம் ஏறித்தான் இருக்கும். வோல்டேஜ் கொஞ்சம் அப்படி இப்படிப் போனாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. அதிகமாகச் சார்ஜ் ஆனால் தண்ணீர் வாயுவாகப் போகும், பெரியப்பா ஊற்றிவிடுவார். அந்த அறையில் சார்ஜர் செய்கிற தப்பை மனிதன் சரிக்கட்டிக்கொண்டிருந்தான் என்பதை நான் இந்தத் தொழிலுக்கு வந்த பிறகுதான் யோசித்துப் பார்த்தேன்.

இப்போது கரகம்பாடி. ராமச்சந்திர நாயுடு கல்லா, சித்தூர் மாவட்டம் பேட்டமிட்டா கிராமத்துக்காரர். விவசாயக் குடும்பம். திருப்பதி வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் பொறியியல், பிறகு ரூர்க்கியில் அப்ளைடு எலக்ட்ரானிக்ஸ், பிறகு அமெரிக்காவில் மிச்சிகன் ஸ்டேட்டில் சிஸ்டம்ஸ் சயன்ஸ். சிகாகோவில் சார்ஜென்ட் அண்ட் லண்டி என்ற, மின்நிலையங்களை வடிவமைக்கும் நிறுவனத்தில் பல வருடம் வேலை. எண்பதுகளின் நடுவில் திரும்பி வந்தார், 1985-ல் அமர ராஜா பேட்டரீஸ் ஆரம்பமானது. மழை பொய்த்தால் வேர்க்கடலையும் கரும்பும் கைவிட்டுவிடும் மாவட்டம் அது. படித்தவன் சென்னைக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏறுவதுதான் வழக்கம். அங்கே ஃபேக்டரி போடுவதை அப்போது பலர் கிண்டல் செய்திருப்பார்கள் என்பது என் யூகம். எங்கள் ஆட்களைப் பற்றி எனக்குத் தெரியாதா. :-)

அவர் எடுத்துக்கொண்டது சாதாரண பேட்டரி கிடையாது. தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத, மூடி சீல் செய்யப்பட்ட தொழிற்சாலை ரக பேட்டரி. வி.ஆர்.எல்.ஏ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அமெரிக்காவின் ஜி.என்.பி. நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தயாரிப்பு வந்தது. காலமும் கூடி வந்தது. 1984-ல் சி-டாட் அமைக்கப்பட்டு, ஏர்கண்டிஷன் இல்லாமல் கிராமத்துச் சூட்டில் ஓடக்கூடிய 128 போர்ட் குட்டி எக்ஸ்சேஞ்சை வடிவமைத்திருந்தார்கள். 1986-ல் கர்நாடகத்து கிட்டூரில் முதலாவது நிறுவப்பட்டது. அப்புறம் ஊர் ஊராக அது பரவியது. பஞ்சாயத்து ஆபீஸ் பக்கத்தில் ஒரு அறையில் எக்ஸ்சேஞ்ச் வைத்தால் அங்கே பெரியப்பா மாதிரி ஒரு ஆளை யார் போடுவது? யாரும் தினம் போய்ப் பார்க்காத பேட்டரிதான் வேண்டும். சீல் செய்த பேட்டரிக்குச் சந்தை அங்கே இருந்தது. ரயில்வேயும் பின்னாலேயே வந்தது.

இங்கேதான் சார்ஜர் கதைக்குள் வருகிறது.

சீல் செய்த பேட்டரிக்குள் ஆசிட் திரவமாகத் தளும்பாது. கண்ணாடி நாரால் ஆன மெல்லிய பஞ்சு ஒன்று அதை உறிஞ்சி வைத்திருக்கும். சார்ஜ் ஆகும்போது பாஸிட்டிவ் தகட்டில் உண்டாகும் ஆக்ஸிஜன் பஞ்சின் இடைவெளிகள் வழியாக நெகட்டிவ் தகட்டுக்குப் போய் மறுபடி தண்ணீராகிவிடும். அதனால்தான் தண்ணீர் ஊற்ற வேண்டாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வோல்டேஜ் கொஞ்சம் அதிகமானால் ஹைட்ரஜன் உண்டாகி வால்வு வழியாக வெளியே போகும். போன தண்ணீர் போனதுதான், ஊற்ற வழியில்லை. ஆக்ஸிஜன் தண்ணீராகும்போது சூடு வேறு உண்டாகும். சூடானால் இன்னும் அதிகக் கரென்ட் இழுக்கும், அதனால் இன்னும் சூடு. இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டால் பேட்டரி உப்பி, உருகி, சில சமயம் தீப்பிடித்தும் போகும். வோல்டேஜ் குறைவாக இருந்தாலோ தகட்டில் சல்ஃபேட் படிந்து மெல்லச் சாகும்.

ஆக, ஒரு செல்லுக்கு சுமார் 2.25 வோல்ட், 24 செல்லுக்கு 54 வோல்ட். இதைக் கறாராகப் பிடித்து வைக்க வேண்டும். அதுவும் 27 டிகிரியில். (ஐரோப்பாவில் கணக்கு 20 டிகிரிக்கு, அமெரிக்காவில் 25-க்கு. நம் நாட்டுத் தர நிர்ணயத்தில் 27 என்று வைத்தவர் யாராக இருந்தாலும் புண்ணியவான், வெயில் தெரிந்தவர்.) வெப்பம் ஏற ஏற, ஒரு டிகிரிக்கு ஒரு செல்லுக்கு மூன்று மில்லிவோல்ட் என்ற கணக்கில் சார்ஜர் தன் வோல்டேஜை இறக்கிக்கொள்ள வேண்டும். ரேணிகுண்டாவின் மே மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அறைக்குள் 42 டிகிரி என்றால் 15 டிகிரி அதிகம். 15 தடவை 3 தடவை 24, ஏறக்குறைய 1.1 வோல்ட். அன்றைக்கு 54 வோல்ட்டிலேயே நின்றால் பேட்டரி வறண்டுபோகும். 52.9-க்கு இறங்க வேண்டும். ராத்திரி குளிர்ந்தால் திரும்ப ஏற வேண்டும். இவ்வளவும் செய்தாலும் வெப்பம் பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொதுவான விதி. இதெல்லாம் அமெரிக்காவிலேயே பட்டுத் தெரிந்துகொண்ட பாடம்தான். இருபது வருடம் வரும் என்று விற்ற சீல்டு பேட்டரிகள் அங்கே பல இடங்களில் அதில் பாதிகூடத் தாங்கவில்லை.

ஹைட்ரோமீட்டரை நுழைக்க ஓட்டை இல்லை, தண்ணீர் ஊற்ற மூடி இல்லை. பேட்டரியின் உடம்புக்கு என்ன என்று தெரிந்துகொள்ள மிச்சமிருப்பது இரண்டே கம்பிகளும், அவற்றில் தெரியும் வோல்டேஜும் கரென்ட்டும், பக்கத்தில் ஒரு வெப்பமானியும்தான். பெரியப்பா செய்த வேலை முழுவதும் சார்ஜருக்குள் போயாக வேண்டியதாயிற்று. 'பராமரிப்பு தேவையில்லாத பேட்டரி' என்று விளம்பரம் செய்தார்களே, பராமரிப்பு எங்கும் போகவில்லை. அறையை விட்டுக் கிளம்பி பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. முனகும் பீரோவுக்கு அந்த வேலை சரிப்படாது. அமர ராஜா குழுமம் பேட்டரியோடு நிற்காமல் பவர் சிஸ்டம்ஸ் என்று தனிக் கம்பெனி வைத்து சார்ஜர், யு.பி.எஸ்., இன்வர்ட்டர் எல்லாம் கரகம்பாடியிலேயே செய்ததை நான் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். ரூர்க்கியில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவருக்கு அது இயல்பாகவே தோன்றியிருக்கும்.

அந்தப் புதுப் பெட்டி எப்படி வேலை செய்கிறது? அவள் கேட்ட 'அடிப்படை' இங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் பொறுமை.

110 வோல்ட் பேட்டரியிலிருந்து 24 வோல்ட், 10 ஆம்பியர் வேண்டும் என்று வையுங்கள். நடுவில் ஒரு ரெசிஸ்டர் போட்டோ, டிரான்ஸிஸ்டரைப் பாதித் திறந்து வைத்தோ மிச்ச 86 வோல்ட்டை விழச் செய்யலாம். 860 வாட் வெப்பமாகப் போகும். கைக்கு வருவது 240 வாட். இட்லி வேக வைக்கலாமே தவிர வேறு பிரயோஜனமில்லை. மாற்று வழி, சுவிட்சை ஒன்று முழுதாகத் திற, இல்லை முழுதாக மூடு. முழுதாகத் திறந்த சுவிட்சில் வோல்டேஜ் விழாது, முழுதாக மூடியதில் கரென்ட் போகாது. இரண்டிலும் பெரிதாக நஷ்டம் இல்லை. 22 சதவீத நேரம் திறந்து, 78 சதவீத நேரம் மூடி வைத்தால் சராசரி 24 வோல்ட். ஆனால் இது குத்துக் குத்தாக வரும். அதைச் சமன்படுத்த ஒரு காயிலும் ஒரு கப்பாசிட்டரும்.

திருமலை வைகுண்டம் க்யூ காம்ப்ளெக்ஸில் நின்றவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். வெளியே கூட்டம் அலைமோதுகிறது. கேட்டைப் பாதித் திறந்து வைத்து ஒவ்வொருவராகப் பிதுக்கி அனுப்பினால் நெரிசலில் எல்லோரும் நொந்துபோவார்கள். எனவே ஒரு கேட்டை முழுதாகத் திறந்து ஒரு கூட்டத்தை உள்ளே விட்டு மூடிவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் கம்பார்ட்மென்ட்தான் கப்பாசிட்டர். குத்தாக வந்த கூட்டத்தை வாங்கி வைத்துக்கொண்டு சந்நிதிப் பக்கம் சீராக விடும். காயில் என்பது நகர ஆரம்பித்துவிட்ட கூட்டம். பின்னாலிருந்து தள்ளும் அந்த வேகத்தில் முன்னால் கேட்டைப் படாரென்று மூடினால் கேட் பிய்ந்துவிடும். காயிலில் ஓடும் கரென்ட்டும் அப்படித்தான், திடீரென்று நிறுத்தினால் வோல்டேஜ் எகிறி சுவிட்சைக் கொன்றுவிடும். அதற்குத்தான் பக்கவாட்டில் ஒரு வழி, அதுதான் டயோடு. சுவிட்ச் மூடியிருக்கும்போது காயிலின் கரென்ட் அந்த வழியாகத் தொடர்ந்து ஓடும். உவமை இவ்வளவு தூரம்தான் வரும், இதற்கு மேல் இழுத்தால் பெருமாள் கோபித்துக்கொள்வார்.

கணக்கு இன்னும் எளிது. நொடிக்கு 50,000 தடவை திறந்து மூடினால் ஒரு சுற்றுக்கு 20 மைக்ரோநொடி. திறந்திருப்பது 4.36 மைக்ரோநொடி. அப்போது காயிலின் மேல் 86 வோல்ட். பெருக்கினால் 375. மூடியிருப்பது 15.64 மைக்ரோநொடி. அப்போது காயிலின் மேல் எதிர்த் திசையில் 24 வோல்ட். பெருக்கினால் அதுவும் 375. ஏறியதும் இறங்கியதும் சமம். இந்த ஒரு சமன்பாட்டைப் பிடித்துக்கொண்டால் பக், பூஸ்ட், பக்-பூஸ்ட் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யாமல் ஒரு தாளில் வரவழைத்துவிடலாம். பெங்களூர் ஐ.ஐ.எஸ்.சி.யில் பேராசிரியர் வி.ராமநாராயணன் எழுதிய சுவிட்ச்டு மோட் பாடக் குறிப்புகள் இந்த வழியில்தான் போகின்றன. நான் உருப்படியாகப் படித்தது அதில்தான்.

ஏன் 50,000 தடவை? டிரான்ஸ்ஃபார்மரும் காயிலும் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் சக்தியை வாங்கி வைத்துத் திருப்பிக் கொடுக்கின்றன. சுற்று வேகமானால் ஒவ்வொரு தடவையும் வாங்க வேண்டியது குறைவு, ஆகவே சின்ன சாமான் போதும். 50 ஹெர்ட்ஸில் பீரோ அளவில் இருந்தது, 50 கிலோஹெர்ட்ஸில் ஃபெரைட் உள்ளகம் போட்டால் உள்ளங்கையில் அடங்கும். ஆயிரம் மடங்கு வேகமானால் ஆயிரம் மடங்கு சிறிதாகும் என்று நினைக்க வேண்டாம், உள்ளக நஷ்டமும் சூடும் குறுக்கே நிற்கும். ஆனாலும் ஆள் உயரப் பீரோ, கையால் இழுத்து மாட்டும் தட்டாக மாறிவிட்டது.

நினைத்த மாத்திரத்தில் மூடக்கூடிய சுவிட்ச் இல்லாமல் இதெல்லாம் நடக்காது, தைரிஸ்டரால் முடியாதது அதுதானே. எழுபதுகளின் கடைசியில் பவர் மாஸ்ஃபெட் வந்தது. வேகமானது, ஆனால் வோல்டேஜ் ஏறினால் தடையும் ஏறும். அந்த இடைவெளியை நிரப்பிய ஐ.ஜி.பி.டி.யில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. பி.ஜெயந்த் பாலிகா 1948-ல் சென்னையில் பிறந்தவர், பெங்களூரில் வளர்ந்தவர், 1969-ல் ஐ.ஐ.டி. மெட்ராஸில் பட்டம் வாங்கி அமெரிக்கா போனவர். ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ஆய்வுக்கூடத்தில் எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் இதைச் செய்து காட்டினார். 1984-ல் ஜப்பானில் தோஷிபாவின் நகாகாவா, தைரிஸ்டர் மாதிரி திறந்தபடியே மாட்டிக்கொள்ளும் நோயை அதிலிருந்து போக்கினார். இன்று எஞ்சின், லிஃப்ட், இன்டக்‌ஷன் அடுப்பு, சோலார் பம்ப் என்று ஐ.ஜி.பி.டி. இல்லாத இடம் குறைவு. பாலிகாவுக்கு 2024-ல் ஃபின்லாந்தின் மில்லேனியம் பரிசு கிடைத்தது. நம் பத்திரிகைகளில் அது நாலு வரிக்கு மேல் வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. நோபல் என்றால்தான் முதல் பக்கம்.

இதையெல்லாம் ஒரே பீரோவில் பார்க்க வேண்டுமென்றால் ஒரு சின்ன ரயில் ஸ்டேஷனின் ரிலே ரூமுக்குப் போக வேண்டும். பாகாலா, புத்தூர் மாதிரி ஊர்களின் ஸ்டேஷனை நினைத்துக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் சிக்னலுக்கு ஒரு சார்ஜர்-பேட்டரி, ரிலேக்கு ஒன்று, பாயின்ட் மோட்டாருக்கு ஒன்று, ஆக்ஸில் கவுண்ட்டருக்கு ஒன்று, டெலிபோனுக்கு இன்னொன்று என்று அறை முழுக்க விதவிதமான பேட்டரிகள் இருக்கும். எது எப்போது காலை வாரும் என்று தெரியாது. இதை மாற்ற ரயில்வேயின் ஆராய்ச்சி அமைப்பான ஆர்.டி.எஸ்.ஓ. ஒரு விவரக்குறிப்பு போட்டது, அதுதான் ஐ.பி.எஸ்., ஒருங்கிணைந்த மின் வழங்கி. 55 செல் கொண்ட ஒரே ஒரு 110 வோல்ட் பேட்டரி. அதைச் சார்ஜ் செய்யும் சுவிட்ச் மோட் தட்டுகள் பல, தேவைக்கு மேல் ஒன்று எப்போதும் கூடுதலாக. பேட்டரியிலிருந்து சிக்னல் விளக்குக்கு ஏ.சி. தரும் இன்வர்ட்டர் இரண்டு. ஒன்று ஓட, மற்றது தயாராகக் காத்திருக்கும். 24 வோல்ட் ரிலேக்கும் மற்றவற்றுக்கும் டி.சி.-டி.சி. கன்வர்ட்டர்கள், மேலே நான் போட்ட 110-24 கணக்கு சும்மா எடுத்துக்கொண்டது இல்லை. இந்த ஐ.பி.எஸ். பெட்டிகளை ரயில்வேக்குச் செய்து தரும் கம்பெனிகளில் கரகம்பாடிக் கம்பெனியும் ஒன்று.

கரென்ட் போனால் ரிலே விழுந்துவிடக்கூடாது. விழுந்தால் சிக்னல் தானாகச் சிவப்புக்குப் போகும். ரயில்வேயில் எல்லாமே கெட்டுப்போனால் பாதுகாப்பான பக்கம் விழும்படிதான் கட்டியிருப்பார்கள். விபத்து வராது, ஆனால் நடுராத்திரியில் ஆயிரம் பேரோடு ஒரு வண்டி வயல்காட்டில் நிற்கும். இந்தப் பெட்டி பேட்டரி எவ்வளவு தீர்ந்திருக்கிறது என்று கணக்கு வைத்திருக்கும். பாதி தீர்ந்ததும் ஜெனரேட்டரைப் போடு என்று ஸ்டேஷன் மாஸ்டரின் மேஜையில் மணி அடிக்கும். யாரும் கவனிக்கவில்லையென்றால் இன்னும் இறங்கியதும் அவசரம் என்று கத்தும். அதற்கும் கேட்கவில்லையென்றால் சிக்னல் விளக்கை நிறுத்திவிட்டு, மிச்சமிருப்பதை ரிலேகளுக்காக வைத்துக்கொள்ளும். எதை முதலில் கைவிடுவது, எதைக் கடைசி வரை காப்பாற்றுவது என்ற முடிவை ஒருவர் நிதானமாக உட்கார்ந்து யோசித்து எழுதி வைத்திருக்கிறார். கன்வர்ட்டர் டிசைன் என்றால் எனக்கு அலைவடிவத்தைவிட முதலில் ஞாபகம் வருவது இந்த வரிசைதான்.

ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். பெட்டியை நாம் நன்றாகவே செய்கிறோம். பம்பாயில் ஹிந்த் ரெக்டிஃபையர்ஸ் 1958-லேயே ஆரம்பித்தது, பெங்களூரில் பெல் நிறுவனம் தைரிஸ்டரே செய்தது. இருந்தும் பெட்டிக்குள் இருக்கும் சிலிக்கன் சுவிட்ச் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வருகிறது. சென்னையில் பிறந்தவர் கண்டுபிடித்ததை ஜெர்மனியிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வாங்கி மாட்டுகிறோம். சிலிக்கன் கார்பைடு என்று அடுத்த தலைமுறை வந்துவிட்டது, அதிலாவது நிலைமை மாறுமா பார்க்கலாம். இன்னொரு பக்கம், ஈயம் சம்பந்தப்பட்ட தொழிலுக்கு உள்ள சுற்றுச்சூழல் சர்ச்சை கரகம்பாடியையும் விடவில்லை. 2021-ல் மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் ஆலைகளை மூட உத்தரவு போட்டு, விஷயம் உயர்நீதிமன்றம் வரை போனது. அதில் அரசியல் எவ்வளவு, ஈயம் எவ்வளவு என்று இங்கே உட்கார்ந்துகொண்டு தீர்ப்பு சொல்ல நான் தயாராக இல்லை. ஊர்ப் பெயர் வந்ததால் சொல்லாமல் விடவும் மனமில்லை.

கம்பெனி 2023-ல் பேட்டரீஸ் என்ற பெயரை விட்டு எனர்ஜி அண்ட் மொபிலிட்டி என்று மாறிவிட்டது. லித்தியம் செல் ஆலைக்கு அடிக்கல் நாட்டியது தெலங்கானாவில், மகபூப்நகர் பக்கம். சித்தூர்க்காரர்களுக்கு அதில் வருத்தம் உண்டு. லித்தியம் இன்னும் கறார்ப் பேர்வழி. ஈய பேட்டரி சில மில்லிவோல்ட்டைப் பொறுத்துக்கொள்ளும், இது ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பார்க்கச் சொல்கிறது. அதனால் செல்லுக்குச் செல் வோல்டேஜையும், கூடவே பேட்டரியின் வெப்பத்தையும் அளந்து, எது பின்தங்குகிறது என்று குறித்து வைக்கும் சர்க்யூட் பெரும்பாலான லித்தியம் பேட்டரித் தொகுப்புகளுக்குள் இருக்கும். மின்சார ஸ்கூட்டரைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போகும்போது உள்ளே ஏதோ ஒரு பதினேழாம் நம்பர் செல்லின் கணக்கை அது எழுதிக்கொண்டிருக்கும்.

அந்தப் பெண்ணுக்குக் கடைசியாக எழுதியது: முதலில் ஒரு பக் கன்வர்ட்டரைக் கையால் செய். காயிலை நீயே சுற்று, கடையில் வாங்காதே. பன்னிரண்டு வோல்ட்டை ஐந்தாக்கினால் போதும். டயோடைக் கழற்றிவிட்டு மட்டும் ஓட்டிப் பார்க்காதே, சுவிட்ச் ஒன்று நாற்பது ரூபாய்.